பேக்கர் சுவரா, பாவா முற்றமா: பாளையங்கோட்டையில் ஒரு 5 சென்ட்

என் மச்சினன் பாளையங்கோட்டையில் 5 சென்ட் மனை வாங்கி இரண்டு வருடமாகிறது. 36 அடிக்கு 60 அடி, மேற்குப் பார்த்த மனை, பின்பக்கம் ஒரு வேம்பு. தை பிறந்ததும் வேலையைத் தொடங்கியாக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். போன மாதம் அவன் எனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று வரைபடங்களை அனுப்பினான். உள்ளூர் இன்ஜினியர் போட்டது ஒன்று, நாகர்கோவிலில் இருக்கும் ஆர்க்கிடெக்ட் போட்டது ஒன்று, சென்னையிலிருந்து வந்தது ஒன்று. கூடவே ஒரு வரி: "அத்தான், மூணும் நல்லாத்தான் இருக்கு. எதுன்னு நீங்க சொல்லுங்க."

நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் இருந்ததால், பாதி கட்டிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பது ஓரளவு தெரியும். அந்தக் கண்ணோடுதான் மூன்றையும் பார்த்தேன்.

இன்ஜினியரின் வரைபடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பில்லர், பீம், இடையில் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு, பட்டி, பெயின்ட். முகப்புக்கு ஒரு 3டி எலிவேஷன், அதில் இல்லாத காரும் இல்லாத புல்வெளியும். மற்ற இரண்டும் பெயர் சொல்லாமலே இரண்டு பெரிய கட்டடக்கலைஞர்களின் வழியில் வந்தவை. நாகர்கோவில்காரர் லாரி பேக்கர் வழிக்காரர். சென்னைக்காரர் ஜெஃப்ரி பாவாவின் வீடுகளை நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். ஆகவே வரைபடங்களைத் தள்ளி வைத்துவிட்டு, மூலவர்கள் இருவரையும் வைத்தே ஒப்பிடுவதுதான் சரி என்று பட்டது.

பேக்கர் 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-இல் இந்தியாவுக்கு வந்து, இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கேரளத்துக்கு வந்தவர். 2007-இல் இறக்கும் வரை திருவனந்தபுரம்தான் அவருக்கு ஊர். பாவா 1919-இல் கொழும்பில் பிறந்தவர். முதலில் வழக்கறிஞர். 38 வயதில்தான் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே மாதிரி வெயிலும் மழையும். இருவரும் உள்ளூர்ப் பொருளைக் கொண்டாடியவர்கள், ஓட்டுக்கூரையை விரும்பியவர்கள், மரத்தை வெட்டவிடாதவர்கள். அதனால் இருவரையும் ஒரே கூடையில் போட்டு 'பாரம்பரிய ஸ்டைல்' என்று விற்கிறார்கள். ஆனால் பணத்தை இருவரும் வைக்கும் இடம் வேறு. பேக்கர் கொத்தனார் கையில் வைக்கிறார். பாவா இடத்தில் வைக்கிறார், அதாவது கட்டாமல் விடும் இடத்தில். நம் இன்ஜினியர் வீடு மேற்பூச்சில் வைக்கிறது.

முதலில் பேக்கர் சுவர். ராட் ட்ராப் என்கிற எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே 3 அங்குலம் காலியாக விட்டு, இடையிடையே ஒரு கல்லைக் குறுக்கே வைத்து இரண்டையும் பிணைப்பார்கள். சுவர் கனம் அதே 9 அங்குலம். நடுவில் காற்று நிற்பதால் வெயில் சுலபமாக உள்ளே ஏறாது. மூலை, சன்னல் ஓரம், லிண்டல் மட்டம் போன்ற இடங்களில் மட்டும் காலி விடாமல் கட்டுவார்கள்.

எவ்வளவு மிச்சம்? மச்சினனுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். கலவைக் கனத்தையும் சேர்த்து ஒரு கல் 9-க்கு 4½-க்கு 3 அங்குலம் என்று வைத்தால், வழக்கமான 9 அங்குலச் சுவரில் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1,070 கல் போகும். எலிப்பொறிக் கட்டில் 800. கால் பங்கு மிச்சம். அவன் வீட்டில் 2,000 சதுர அடிச் சுவர் வருகிறது என்றால் 5,300 கல் குறையும். கல் 10 ரூபாய் என்றே வையுங்கள், 53,000 ரூபாய்.

அவன் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானா அத்தான்?"

அவ்வளவுதான். பேக்கர் வீடு என்றால் பாதி விலை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கல்லில் மட்டும் அந்த மிச்சம் வராது. வேண்டாம் என்று அவர் விட்டவற்றைக் கூட்டிப் பார்த்தால்தான் வரும். சுவருக்குப் பூச்சு வேண்டாம், ஆகவே பட்டியும் பெயின்டும் வேண்டாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவும் வேண்டாம். தரைதளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்குச் சுவரே பாரத்தைத் தாங்கும், பில்லர் வேண்டாம். கூரை கான்கிரீட்டின் கீழ்ப்பாதி பாரம் தாங்க உதவுவதில்லை, அங்கே கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாக வைத்துவிட்டால் அந்த இடத்துக்குக் கான்கிரீட் வேண்டாம். எல்லா இடத்திலும் சன்னல் வேண்டாம், கல்லை இடைவெளி விட்டு அடுக்கி 'ஜாலி' என்கிற துளைச்சுவராகக் கட்டினால் காற்றும் வெளிச்சமும் வரும், மரமும் கண்ணாடியும் கம்பியும் மிச்சம். கதவுகளுக்கு நிலையே வேண்டாம், பலகையைச் சுவரிலேயே மாட்டலாம்.

இந்தக் கடைசி 'வேண்டாம்' எங்கள் வீட்டில் எடுபடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேக்கர் வீட்டின் உள் அலங்காரம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி, திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி, தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்குள் நுழைந்தால் போதும். சிவப்பாகச் சுற்றிச் சுற்றி ஏறும் செங்கல் கோபுரம். உள்ளே தரை சரிவாக வளைந்து மேலே போகிறது, அதன் ஓரமாக மேஜையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. நாற்காலியை இழுக்கும் சத்தமே கிடையாது, இழுக்க எதுவும் இல்லை. ஜாலி வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தட்டில் விழும். அவருக்கு இன்டீரியர் என்று தனி வேலை இல்லை, கொத்தனார் இறங்கிப் போகும்போதே அதுவும் முடிந்திருக்கும். நாலாஞ்சிறையில் அவர் தனக்குக் கட்டிக்கொண்ட வீடும் அப்படித்தான். பாறைச் சரிவைச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே கட்டினார். இடித்த வீடுகளின் மரத்தைக் கொண்டுவந்து பொருத்தினார். கண்ணாடிப் பாட்டில்களைச் சுவரில் பதித்து வண்ண வெளிச்சம் எடுத்தார்.

நம் வீட்டுக்கு இதை இறக்கினால், சன்னலுக்கு அடியில் ஒரு கட்டுத் திண்ணை, அதன் மேல் சிவப்புக் காவி. சுவரில் மாடங்கள், புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் கடப்பா கல் தட்டுகள். கரையான் வந்தாலும் பசியோடு திரும்பிப் போகும். ஆனால் ஒன்று: கட்டிய திண்ணையை நகர்த்த முடியாது. பிள்ளை பெரியவனாகிக் கட்டிலை வேறு பக்கம் போட வேண்டும் என்றால் சுத்தியல்தான் வழி.

பாவா பக்கம் வருவோம். கொழும்பில் 33-ஆவது ஒழுங்கையில் வரிசையாக நான்கு சிறிய பங்களாக்கள் இருந்தன. 1958-இல் அதில் ஒன்றில் தொடங்கி, பத்து ஆண்டுகளில் நான்கையும் தனதாக்கி, ஒரே வீடாகக் குடைந்துவிட்டார். வாசலில் ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கும். அதைத் தாண்டினால் வெள்ளைத் தரையோடு ஒரு நீண்ட நடை. நடந்துகொண்டே இருக்கும்போது பக்கத்தில் திடீரென்று மேலே திறந்த ஒரு சின்னத் துண்டு வானம், கீழே கொஞ்சம் தண்ணீரோ ஒரு செடியோ. நான்கு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் நெருக்கும் நகரத்து மனையில், வெளிச்சத்தை மேலிருந்து இறக்கும் வித்தை இது. 1960-களின் தொடக்கத்தில் எனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டிலும் அதேதான். தெருவுக்கு முதுகைக் காட்டிவிட்டு, நடுமுற்றத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வீடு. பிற்காலத்தில் அந்த மனை கைமாறியபோது வீட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் லுணுகங்கா தோட்டத்தில் மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

'முற்றம் வைத்த வீடு நமக்குத் தெரியாததா, காரைக்குடியில் இல்லாததா?' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி அறைகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும், முற்றம் சடங்குக்கும் தானியம் காயப்போடவும் இருந்தது. பாவாவிடம் அந்த அணிவகுப்பு இல்லை. அவருடைய முற்றம் கண்ணுக்கு வைத்தது. இந்த இடத்தில் உட்கார்ந்தால் எது தெரியும், எழுந்து நாலடி வைத்தால் எது தெரியும் என்பதுதான் அவர் கவலை. சுவர் வெள்ளை. அதன்மேல் பட்டிக் என்கிற மெழுகுச் சாயத் துணி, எங்கோ கிடைத்த பழைய கதவு, ஒரு சிற்பம். எனா டி சில்வா பட்டிக் கலைஞர், கைத்தறியில் வண்ணம் குழைத்த பார்பரா சன்சோனியும் ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனநாயக்கவும் பாவாவின் வட்டத்தில் இருந்தவர்கள். அந்த நட்பு வட்டம் இல்லாமல் அவருடைய உள் அலங்காரத்தைப் படமெடுத்து நகலடித்தால் ஹோட்டல் லாபி மாதிரி ஆகிவிடுகிறது. கூரை நிற்கப் பொறியாளர் வேண்டுமே, அது நம்மாள்: கே. பூலோகசுந்தரம் என்ற தமிழர் 1967 முதல் அவருடைய தொழில் பங்காளி.

பாவாவின் கூரையில் நமக்கு உதவும் தந்திரம் ஒன்று உண்டு. நெளி சிமென்ட் தகட்டைப் போட்டு, அதன் பள்ளத்திலும் மேட்டிலும் அரைவட்ட நாட்டு ஓட்டைப் பதிப்பார். பார்க்கப் பழைய ஓட்டுவீடு, ஒழுகுவது மட்டும் கிடையாது. இன்றைக்குச் செய்வதானால் கல்நார் கலக்காத தகடு வேண்டும்.

அவர் வேலையைப் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. 1970-களில் மதுரா கோட்ஸ் ஆலைக்காக அவர் கட்டிய மதுரை கிளப், இன்று கோச்சடையில் ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறது. கருங்கல் சுவர், பழைய தூண்கள், ஓடு, நிழல். மதுரை வெயிலில் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பாருங்கள். மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவன், "நம்ம 5 சென்ட்ல இது வருமா?" என்று கேட்டான். சரியான கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். 36 அடியில் இரு பக்கமும் நாலு நாலு அடி விட்டால் 28 அடி அகலம். நீளம் 44 அடி எடுத்தால் தரைதளம் 1,232 சதுர அடி. அதில் பத்துக்குப் பத்து முற்றம் என்றால் 100 சதுர அடி, எட்டு சதவீதம் போச்சு. சுற்றி ஒரு நடை விட்டால் இன்னும் போகும். ஒரு படுக்கையறை அளவு இடம் வானத்துக்குப் போகிறது என்று வீட்டில் ஒருவராவது சொல்லிக்காட்டுவார்கள். பலன்? ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை என்று வைத்தாலும் அந்த முற்றத்துக்குள் 6,500 லிட்டர் விழும். மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003-லிருந்து கட்டாயம், இது நேராகத் தொட்டிக்குப் போய்விடும். சூடேறிய காற்று மேலே வெளியேற வழி கிடைக்கும். வாஸ்துக்காரரும் சந்தோஷப்படுவார், நடு இடம் பிரம்மஸ்தானம், திறந்திருக்கட்டும் என்பார். அவரும் ஆர்க்கிடெக்டும் ஒத்துப்போகும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

பராமரிப்பைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பாவா லுணுகங்காவை அரை நூற்றாண்டு காலம் செதுக்கிக்கொண்டே இருந்தார், ஆட்கள் இருந்தார்கள். மச்சினனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். முற்றத்தில் விழும் வேப்பிலையை யார் கூட்டுவது? வெள்ளைச் சுவரில் மழைச்சாரல் அடித்துப் பாசி பிடித்தால்? மேலே கம்பி வலை போடாவிட்டால் திருடன் பயம், போட்டால் வானம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பேக்கர் வீட்டிலும் தொல்லை உண்டு. அவருடைய ஊர் திருவனந்தபுரம், ஈரக்காற்று, சுற்றிலும் பச்சை. நம் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய் வழியாக அடிக்கிற மேற்குக் காற்று மண்ணையும் சேர்த்துக் கொண்டுவரும். மேற்குச் சுவரில் ஜாலி வைத்தால் சாப்பாட்டுத் தட்டில் தேரிக்காட்டு மணல். கிழக்கிலும் வடக்கிலும் வைக்கலாம், உள்பக்கம் கொசுவலை அடித்து. ஏசி போடப்போகும் அறைக்கு ஜாலியே ஆகாது, அதற்கு மூடுகிற சன்னல்தான். பூச்சில்லாத செங்கல்லில் தூசி தங்கும், வெள்ளையடித்த சுவருக்குப் பழகிய கண்ணுக்கு அறை கொஞ்சம் இருட்டாகப் படும். மின்சார பைப்பைப் பிறகு சுவரை வெட்டிப் பதிக்க முடியாது, எந்த இடத்தில் சுவிட்சு என்று கட்டும்போதே சொல்லியாக வேண்டும். மின்விசிறிக் கொக்கியும் அப்படித்தான், ஓட்டின் மேல் வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்ஜினியர் வீட்டைக் குறை சொல்வது சுலபம், ஆனால் அதற்கு ஊரில் எல்லோரும் ஏன் போகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த வேலை. பாதியில் ஒருவர் நின்றுவிட்டால் மறுநாள் வேறொருவர் வந்து தொடருவார். சுவர் கோணினால் பூச்சு மறைத்துவிடும். பேக்கர் சுவரில் மறைக்க எதுவும் இல்லை, கோணல் கோணலாகவே நிற்கும். விற்கும்போதும் கேள்வி வராது. அதன் வியாதி வேறு இடத்தில் இருக்கிறது. நான் கடன் கொடுத்த வீடுகளில் பலவற்றுக்குக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் கூடுதல் கடன் கேட்டு வருவார்கள். எதற்கு என்று பார்த்தால் ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டிவி யூனிட், வார்ட்ரோப். பத்தடி உயர அறையில் ஜிப்சம் பலகையைத் தொங்கவிட்டு ஒன்பதாக்கி, அதற்குள் விளக்குப் புதைத்து, சூடு தாங்காமல் ஏசியும் வாங்குவார்கள். ஒருவர் வீட்டில் சமையலறை அலமாரி மூன்றாம் வருடமே சிங்க்குக்கு அடியில் உப்பிப்போயிருந்தது. தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் என்று பேசி, வந்தது வேறு. மேலே லேமினேட் ஒட்டிய பிறகு யாருக்குத் தெரியும்?

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது பாணிகளின் கலப்படம். சாதாரண பில்லர் வீட்டைக் கட்டி, மேலே செங்கல் மாதிரி டைல் ஒட்டி 'பேக்கர் ஸ்டைல்' என்பார்கள். காரைக்குடியிலிருந்து நாலு மரத்தூண் வாங்கி, கண்ணாடிக் கூரை போட்ட மூடிய 'முற்ற'த்தில் நிறுத்தி 'பாவா டச்' என்பார்கள். சித்திரை வெயிலில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே அப்பளம் காயப்போடலாம். சென்னைக்காரரின் வரைபடத்தில் அப்படியொரு கண்ணாடிக் கூரை இருந்தது. அதோடு அது கழிந்தது. பத்து சென்ட்டும் தோட்டக்காரரும் இருந்து, கூரையில்லாத முற்றத்தை யாராவது வரைந்து கொடுத்தால், பாவா வழியைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பேன், சந்தேகமில்லை.

நாகர்கோவில்காரரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். உங்கள் கொத்தனார் யார், உங்களோடு எத்தனை வருடம்? வாரத்தில் எத்தனை நாள் சைட்டுக்கு வருவீர்கள்? ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய வீட்டை மழைக்காலத்தில் காட்டுவீர்களா? பேக்கர் தாளில் வரைந்ததைவிடச் சைட்டில் நின்று முடிவெடுத்ததே அதிகம், கையிலகப்பட்ட பழைய உறையின் பின்பக்கம்கூட அவருக்கு வரைபடத் தாள்தான். சைட்டுக்கு வராத ஆர்க்கிடெக்டிடம் அந்த வழி நடக்காது. கூடவே, கட்டடக்கலை கவுன்சில் பதிவெண்ணையும் பார்க்கச் சொன்னேன். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இருந்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம்.

மனிதர் அசரவில்லை. ஒரு வீட்டைக் காட்டினார். ஐப்பசி மழை, வடக்குச் சுவரில் ஒரு இடத்தில் மட்டும் ஓதம். கூரை விளிம்பு அந்த இடத்தில் குட்டை, அது தன் தப்பு என்று அவரே சொன்னார். எனக்கு அந்த ஓதத்தைவிட அந்தப் பேச்சு முக்கியமாகப் பட்டது. ஜாலியைக் கிழக்கில் மட்டும் வைக்கவும், இரண்டு படுக்கையறைக்கு மூடும் சன்னல் போடவும், நடுவில் ஆறுக்கு எட்டு அடி மேல்திறப்பு விடவும் ஒத்துக்கொண்டார். வேம்பு நிற்கிறது, பின்சுவர் அதற்காக இரண்டடி உள்வாங்குகிறது.

போன வாரம் அவருடைய கொத்தனார்கள் வந்து மனையில் நாலடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டிக் காட்டினார்கள். உள்ளூர்ச் சூளைக் கல் ஒன்றுக்கொன்று கனம் ஒத்துவராமல் இடைவெளிக்குள் கலவை விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே கலவை நிறைந்தால் பிறகு காலி விட்டு என்ன பயன்? கல்லை மாற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவானது. மாற்றுக் கல் ஒன்றுக்கு எவ்வளவு கூடுதல் என்று மச்சினன் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறான். அந்த 53,000 இதிலேயே போய்விடலாம்.

அத்தை சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "உள்ள காலியா இருக்கே, தாங்குமா?" என்றார். கொத்தனார் அதன் மேல் ஏறி நின்று காட்டினார். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்து அவர் கேட்டதுதான் எங்களில் யாரும் யோசிக்காதது. நிலை இல்லாத வீட்டில் நிலை வைக்கிற பூஜைக்கு எதை வைப்பது? ஆர்க்கிடெக்ட் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வரைபடத்தில் தலைவாசலுக்கு மட்டும் பென்சிலால் ஒரு நிலை போட்டார். அகலம் எவ்வளவு வைக்கலாம் என்று அத்தையிடமே கேட்டுக்கொண்டார்.